வயலின் மூலை யாருக்கு உரியது?

இங்கிலாந்தின் வயற்புறங்களில் பறவைகளுக்கு மிகக் கொடிய காலம் நடுக்குளிர் அல்ல. குளிர் தளர்ந்து வசந்தம் இன்னும் வராத பிப்ரவரி, மார்ச் மாதங்கள். அறுவடையில் சிந்திய மணிகள் அதற்குள் தீர்ந்திருக்கும். புதுப் பூச்சிகள் தோன்றியிருக்காது. அந்த வாரங்களில் வயலோரப் பாதைகளில் சாக்கிலிருந்து கோதுமையும் பார்லியும் சிறுதானியமும் அள்ளித் தூவிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சிலர் அரசின் உதவித்தொகை பெறும் விவசாயிகள். சிலர் ஊரளவில் நடக்கும் சிறு அறக்கட்டளைகளைச் சேர்ந்தவர்கள். அந்த அறக்கட்டளைகளை நடத்தும் அறங்காவலர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். விதைக்குப் பணம் திரட்டுவது, நிலக்காரரிடம் போய் அனுமதி கேட்பது, கூடுப்பெட்டி பொருத்துவது, ஆண்டுதோறும் பறவைகளை எண்ணிக் கணக்கு வைப்பது என்று அவர்கள் வேலை நீள்கிறது. இது எந்த வகைச் செயல்? கருணை என்றுதான் பார்ப்பவர் உடனே சொல்வார். நல்ல மனிதர்கள், வாயில்லா உயிர்மேல் இரங்குகிறார்கள் என்பார். அந்த விடை தவறு என்றும், பறவைகளுக்கே அது கேடு விளைவிக்கிறது என்றும் நான் கருதுகிறேன். வயற்பறவைக்குக் கொடுப்பது கடனை அடைப்பது. கடனுக்குக் கருணை என்று பெயர் வைத்துவிட்டால் கடன்பட்டவர் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்றாகிவிடும்.

இந்தப் பறவைகள் யார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். சாம்பல் கவுதாரி, வானம்பாடி, ஆள்காட்டி, மரச்சிட்டு, கார்ன் பண்டிங் எல்லாவற்றையும் காட்டுயிர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் கவுதாரியையோ வானம்பாடியையோ அடர்ந்த காட்டில் விட்டால் பிழைக்காது. ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன் உழவு பிரிட்டனுக்கு வந்தபோது அந்தத் தீவின் பெரும்பகுதி மரக்காடு. கோடரி காட்டைத் திறந்து, கலப்பை மண்ணைப் புரட்டிய பிறகுதான் வெட்டவெளியை நாடும் இந்தப் பறவைகள் நாடெங்கும் பரவ முடிந்தது. ஆகவே நமக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு புலிக்கும் நமக்கும் உள்ள உறவு போன்றதல்ல. புலிக்கு நாம் செய்யவேண்டியது அதன் காட்டை விட்டு விலகி நிற்பது. கவுதாரியிடம் அப்படி விலகிக்கொள்ள முடியாது. உழவை நிறுத்தினால் வயலில் முள் படரும், பிறகு மரம் எழும், கவுதாரி போய்விடும். உழவைத் தீவிரமாக்கினாலும் போய்விடும். ஓர் உயிரை நம்மைச் சார்ந்து வாழும்படி ஆக்கியிருந்தால், அதற்கு உதவும் கடமை நமக்கு வந்துசேர்கிறது. முற்றிலும் அந்நியமான காட்டுயிரிடம் அந்தக் கடமை அப்படியே இல்லை என்று தத்துவ அறிஞர் கிளேர் பாமர் 2010இல் வெளிவந்த விலங்கறம் பற்றிய நூலில் வாதிடுகிறார். அவர் வாதத்தில் வீட்டு விலங்குகளுக்கு இருக்கும் இடத்துக்கு மிக அருகில் வயற்பறவைகளையும் வைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பல்லாயிரம் ஆண்டுகளாக அவற்றின் பங்கு உழவரின் கைக்குத் தப்பியதில் அடங்கியிருந்தது. அரிவாள் பட்ட கதிர் சிந்தும். களையெடுப்பவர் கண்ணில் படாத களை விதை கொட்டும். போரடித்த இடத்தில் சண்டும் கருக்காயும் குவியும். வசந்தத்தில் விதைக்கும் பார்லிக்காகக் குளிர்காலம் முழுவதும் அரிதாள் உழப்படாமல் நிற்கும். யாரும் பறவைக்கென்று எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் பறவைக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின் பஞ்ச பயத்துக்குப் பிறகு 1947ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் விளைபொருளுக்கு விலை உறுதி தந்தது. எக்டேருக்கு இரண்டரை டன் அளவில் இருந்த கோதுமை இன்று எட்டு டன்னை ஒட்டி விளைகிறது. விதைப்பு வசந்தத்திலிருந்து இலையுதிர்காலத்துக்கு மாறியதால் அரிதாள் நிற்கும் மாதங்கள் சில வாரங்களாகச் சுருங்கின. உயிர்வேலிகள் பிடுங்கப்பட்டன. 1968இல் சசெக்ஸ் மேட்டுநிலத்தில் டிக் பாட்ஸ் தொடங்கிய நீண்ட ஆய்வு கவுதாரி மறைந்த வழியைத் துல்லியமாகக் காட்டியது. கவுதாரிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் ஏறக்குறையப் பூச்சிகளை மட்டுமே தின்கிறது. அந்தப் பூச்சிகள் களைச்செடிகளில் வாழ்கின்றன. களைக்கொல்லி களையை அழித்தது. ஒரு குஞ்சுக்கும் நஞ்சு கொடுக்கப்படவில்லை. குஞ்சுகள் பசியில் செத்தன. 1970ஐ ஒப்பிட்டால் இன்று பிரிட்டனின் வயற்பறவைத் தொகை ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருக்கிறது. கவுதாரி பத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கொடுத்தது தெரியாமல் கொடுத்த பங்கை, நிறுத்தியது தெரியாமல் நிறுத்திவிட்டோம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தெரியாமல் சிந்தியது எப்படி உரிமையாகும்? என் சட்டைப்பையிலிருந்து விழுந்த காசை ஒருவர் பத்தாண்டு பொறுக்கினார் என்பதற்காக, பையைத் தைத்துக்கொண்ட பிறகு அவருக்கு நான் கடன்காரன் ஆவேனா? ஆவதில்லைதான், காசைப் பொறுக்கியவருக்கு வேறு பிழைப்பு இருக்கும்வரை. வேறு பிழைப்பே இல்லாதபடி அவரையும் அவர் பிள்ளைகளையும் நூறு தலைமுறையாக என் வாசலிலேயே வாழச் செய்தபின் கதவை அடைத்தால், காசு தற்செயலாக விழுந்தது என்ற பேச்சு செல்லாது. கடமை சிந்திய மணியிலிருந்து பிறக்கவில்லை. சிந்தியதை நம்பி வாழ்ந்த வாழ்விலிருந்து பிறக்கிறது. 1960களில் பசியில் செத்த கவுதாரிகள் போய்ச்சேர்ந்துவிட்டன, அவற்றின் கடனை இன்றைய கவுதாரிக்கு ஏன் தரவேண்டும் என்று கேட்பவருக்கும் பதில் இதுவே. இது பழைய கணக்கு அல்ல. ஒவ்வொரு ஜூன் மாதமும் பொரிக்கும் குஞ்சு நம் வயலை நம்பியே பொரிக்கிறது. ஆண்டுதோறும் கடன் புதிதாக விழுகிறது.

சமயங்கள் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிடக் கறாராகப் பேசியிருக்கின்றன. விவிலியத்தின் லேவியராகமம் வயலின் மூலையை அறுக்காமல் விடச் சொல்கிறது. சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்கிறது. யாத்திராகமம் ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விட்டு, ஏழைகள் தின்றது போக மீதியை வெளியின் உயிர்கள் தின்னட்டும் என்கிறது. நிலத்தின் விளைச்சலில் மனிதரல்லாத உயிருக்கு ஒரு வரிசை எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடைசி எண்தான், ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை அளவோடு சொன்னது: விடவேண்டிய மூலை வயலில் அறுபதில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. அதே மிஷ்னாவில் இன்னும் ஆழமான ஓர் இடம் உண்டு. குஞ்சோடும் முட்டையோடும் தாய்ப்பறவையையும் சேர்த்து எடுக்காதே, தாயைப் போகவிடு என்பது உபாகமத்தின் கட்டளை. இதை நினைத்துக்கொண்டு, பறவைக்கூட்டின் மேலும் உன் இரக்கம் எட்டுகிறதே என்று ஒருவன் இறைவனை வழிபாட்டில் புகழ்ந்தால் அவன் வாயை அடக்கவேண்டும் என்கிறது மிஷ்னா. பின்னால் வந்த ஆசிரியர்கள் காரணம் தேடினார்கள். ஒருவர் சொன்ன காரணம்: அவை இரக்கங்கள் அல்ல, ஆணைகள், ஆணையை இரக்கமாக மாற்றிப் பேசுகிறவன் தவறு செய்கிறான். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு உடன்படவில்லை. தாய்ப்பறவையின் வேதனையே கட்டளைக்குக் காரணம் என்றார். தாயின் வேதனை உண்மை என்பதில் மைமோனிடிஸ் பக்கம் நிற்கலாம். ஆனால் கட்டளையின் பலம் நம் மன இளக்கத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதில் அந்தப் பழைய ஆசிரியரே சரி. மனம் இளகாத நாளிலும் கூட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும். இந்து மரபின் ஐந்து வேள்விகளில் உயிர்களுக்கு உணவிடும் பூதயக்ஞம் முன்னோருக்கும் விருந்தினருக்கும் செய்வதோடு ஒரே வரிசையில் நாள்தோறும் செய்யவேண்டியதாக வைக்கப்பட்டதற்கும் இதே நியாயம் பொருந்தும். திருக்குறளில் அருளுடைமை துறவறவியலின் முதல் அதிகாரம். ஒப்புரவறிதல் இல்லறவியலில், ஈகைக்கும் முன்னால் நிற்கிறது. நிலம் வைத்துப் பயிர் செய்து வாழ்கிறவருக்கு வள்ளுவர் முதலில் வைத்தது ஒப்புரவு. வயற்பறவை அந்த அதிகாரத்தைச் சேர்ந்தது என்று சொல்வேன்.

உரிமையைக் கருணையாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சட்ட வரலாறே சான்று. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவதைக் கிராமத்து ஏழைகள் நெடுங்காலம் தங்கள் உரிமையாகவே கருதினார்கள். 1788இல், சஃபோக் மாவட்டத்து டிம்வொர்த்தில் கதிர் பொறுக்கிய மேரி ஹௌட்டன்மீது நிலக்காரர் ஸ்டீல் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அது உரிமையல்ல, நிலக்காரரின் இசைவு மட்டுமே என்று தீர்ப்பளித்தது. மோசேயின் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்ற வாதமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. பிறகும் பல ஊர்களில் வழக்கம் தொடர்ந்தது, ஆனால் நிலக்காரரின் தயவில். விலங்குகளுக்கான அறக்கொடை விஷயத்திலும் இதையே காண்கிறோம். 1915இல் வெட்ஜ்வுட் வழக்கில், விலங்குகளைக் காக்க விட்டுச்செல்லும் சொத்து அறக்கொடையே என்று நீதிமன்றம் ஏற்றது; காரணம், விலங்கிடம் அன்பு காட்டுவது மனிதரின் ஒழுக்கத்தை உயர்த்துமாம். 1929இல் குரோவ்-கிரேடி வழக்கு. பறவைகளும் விலங்குகளும் மனிதத் தொல்லையின்றி வாழ ஒரு புகலிடம் அமைக்கும்படி ஒரு பெண்மணி உயில் எழுதியிருந்தார். மனித சமூகத்துக்கு அதில் பயன் இல்லை, ஆகவே அது அறக்கொடை ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிபதிகளில் பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். மனிதர் மனம் மேம்பட்டால் அறம்; பறவை மட்டும் பிழைத்தால் அறமில்லை. விலங்கிடம் கொடுமை காட்டுகிறவன் மனிதரிடமும் கொடுமை காட்டப் பழகுவான் என்பதையே தத்துவ அறிஞர் கான்ட் முக்கியக் காரணமாகச் சொன்னார். அதே சிந்தனையின் சட்ட வடிவம் இது. 2006இல் வந்த அறநிலையச் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் விலங்கு நலத்தையும் அறநோக்கங்களின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது நல்ல மாற்றம். ஆனாலும் பொதுப்பயன் என்ற நிபந்தனை நிற்கிறது.

அடுத்த மறுப்பு மனிதப் பசி. உணவுப் பங்கீடு 1954வரை நீடித்த நாடு விளைச்சலைப் பெருக்கியதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை, நானும் சொல்லவில்லை. கடன் அடைக்க எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் கேட்கவேண்டும். வானம்பாடிக்காக இங்கிலாந்தில் பரிந்துரைக்கப்படும் முறையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். இலையுதிர்காலத்தில் விதைக்கும் டிராக்டர் ஓட்டுநர் நடுவயலில் சில நொடிகள் விதைப்புக் கருவியை நிறுத்திவிட்டு மேலே போகிறார். அங்கே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் வெற்றுத் திட்டு உண்டாகிறது. எக்டேருக்கு இரண்டு திட்டு. மே மாதத்தில் கோதுமை இடுப்பளவு அடர்ந்து, வானம்பாடி இறங்க வழியில்லாமல் போகும்போது, அந்தத் திட்டில் இறங்கி இரை தேடிக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. மொத்தம் 32 சதுர மீட்டர். எக்டேரில் முந்நூறில் ஒரு பங்கு. மிஷ்னா கேட்ட அறுபதில் ஒன்றோடு ஒப்பிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. கவுதாரிக்கு வயலின் வெளி ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விட்டால் குஞ்சுக்குப் பூச்சி கிடைக்கும் என்று 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். இது வயலின் மூலையேதான், லேவியராகமம் சொன்ன இடத்திலேயே. பிரிட்டனில் விளையும் கோதுமையின் பெரும் பங்கு கால்நடைத் தீவனமாகப் போகும் நிலையில், இந்த ஓரத்தைச் சுட்டி மனிதன் பட்டினி கிடப்பான் என்று சொல்வது நேர்மையான வாதமல்ல.

ஆனால் விவசாயி ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் அந்த ஓரம் சிறியதல்ல. இங்கேதான் அறக்கட்டளையை நடத்துகிறவரின் தர்மசங்கடம் தொடங்குகிறது. அவரிடம் பெரும்பாலும் நிலம் இல்லை. அடுத்தவர் வயலின் மூலையை அவர் கேட்கிறார். பிறர் பொருளில் தாராளம் காட்டுவது எளிது என்ற குற்றச்சாட்டை அவர் கேட்காத ஆண்டு இருக்காது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. விடை, கடன் விவசாயி ஒருவருடையது அல்ல என்பதே. மலிவான ரொட்டி தின்ற எல்லோரும் பறவையின் பங்கைத் தின்றவர்கள். ஆகவே மூலையை விடும் விவசாயிக்குப் பணம் தருவதை லஞ்சம் என்றோ, நல்ல மனத்தைக் கெடுப்பது என்றோ சொல்வது பொருந்தாது. கடன்பட்டவர் பலர், செலுத்தும் இடம் ஒன்று. ஆகவே பலர் பணம் அந்த ஓர் இடத்துக்குப் போகிறது. டெவன் மாவட்டத்தில் இது நடந்தது. சிர்ல் பண்டிங் என்ற மஞ்சள் முகச் சிறுபறவை ஒரு காலத்தில் தென் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. 1989இல் 118 இணைகளே மிஞ்சின, ஏறக்குறைய எல்லாம் தெற்கு டெவனில். குளிரில் அரிதாள், கோடையில் வெட்டுக்கிளி மிகுந்த புல், கூட்டுக்கு அடர்ந்த உயிர்வேலி; மூன்றும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் வேண்டும், ஏனென்றால் இது இரண்டு கிலோமீட்டர்கூடத் தாண்டிப் போகாத பறவை. 1991 முதல் அரசின் திட்டத்தில் பணம் பெற்று, பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆலோசனையோடு டெவன் விவசாயிகள் பார்லி அரிதாளைக் குளிர் முடியும்வரை உழாமல் விட்டார்கள். 2016இல் எண்ணியபோது 1078 இணைகள். அந்த விவசாயிகளை இரக்கமுள்ளவர்கள் என்று புகழ்வதைவிட, ஊருக்காகக் கடனைக் கையால் செலுத்தியவர்கள் என்று மதிப்பதே அவர்களுக்குப் பெருமை.

எனக்கு முழுத் தெளிவு கிடைக்காத மறுப்பு ஒன்று இருக்கிறது. கவுதாரியைக் காக்க நரியையும் காகத்தையும் கொல்லலாமா? சாலிஸ்பரி சமவெளியில் 1985 முதல் 1990 வரை நடந்த சோதனை, கூடு கட்டும் பருவத்தில் கொன்றுண்ணிகளைக் குறைத்தால் கவுதாரி பெருகுகிறது என்று தெளிவாகவே காட்டியது. அறக்கட்டளையின் கூட்டத்தில் இதைப் பேசாமல் தள்ளிப்போடுவது கோழைத்தனம். என் தீர்ப்பு இது: நான் பட்ட கடனை இன்னொருவர் உயிரால் அடைக்க எனக்கு உரிமை இல்லை. காகம் கவுதாரியின் பங்கை எடுக்கவில்லை, நாம்தான் எடுத்தோம். ஒளிய வேலியும் தின்னப் பூச்சியும் திருப்பித் தராமல் காகத்தைச் சுடுவது பழியை மாற்றிப் போடுவது. எல்லாம் திருப்பித் தந்த பிறகும் ஒரு பள்ளத்தாக்கின் கடைசிக் கவுதாரிகள் நரியால் அழியும் நிலை வந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில் என் கொள்கை ஒரு கூட்டத்தை இழக்கக்கூடும். தெரிந்தே அந்த விலையை ஏற்கிறேன். கொல்லத் துணிகிறவரைக் கொடியவர் என்று சொல்லவும் மாட்டேன்.

கருணை என்ற பார்வை செய்யும் கெடுதல் அறக்கட்டளையின் உள்ளேயும் தெரியும். 1988இல் டெவனில் தொடங்கிய பார்ன் அவ்ல் டிரஸ்ட் கூகைகளுக்காக உழைப்பது. பழைய களஞ்சியங்கள் வீடுகளாக மாறியதில் கூடு இழந்த பறவை அது. சோதிக்கப்பட்ட கூகைகளில் பெரும்பாலானவற்றின் ஈரலில் எலிமருந்து கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலை மதிப்புக்குரியது. ஆனால் கூகைக்கு இதயவடிவ வெள்ளை முகம் இருக்கிறது. அந்த முகத்தை அச்சடித்தால் மக்கள் மனம் இளகும். கார்ன் பண்டிங்குக்கு யார் பணம் தருவார்கள்? பழுப்பு நிறம், பருத்த உடல், சாவிக்கொத்தைக் குலுக்கியதுபோன்ற பாட்டு. அழகின்படி பங்கிடுவது கருணையின் இயல்பு. கடனில் கடன்கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து வட்டி கணக்கிடுவதில்லை. ஆகவே இத்தகைய அமைப்பை நடத்துகிறவருக்கு மிகக் கடினமான வேலை, பணம் தருகிறவர் விரும்பும் பறவைக்கும் தன் ஊர் வயல் கடன்பட்டிருக்கும் பறவைக்கும் இடையில் நேர்மையாக இருப்பது. ஆண்டுதோறும் எண்ணிக்கை எடுத்து, குறைந்திருந்தால் குறைந்தது என்று கொடையாளருக்கு எழுதுகிறவரை, உருக்கமாகப் பேசுகிறவரைவிட நான் பெரியவராகக் கருதுகிறேன். எண்ணிக்கைப் பதிவேடு வெறும் அலுவலகத் தாள் இல்லை. கடன் எவ்வளவு அடைந்தது, எவ்வளவு பாக்கி என்று தெரிய அது ஒன்றே வழி.

கடன் என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் கொடுப்பது எவ்வளவு எளிதில் நிற்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு வந்த 2020ஆம் ஆண்டு வேளாண் சட்டம், பொதுப்பணம் பொதுநன்மைக்கே என்ற கொள்கையை ஏற்றது. வயலோரப் பூச்செடிக்கும் குளிர்காலப் பறவைத் தீனிக்கும் விவசாயிகளுக்குப் பணம் கிடைத்தது. 2025 மார்ச் 11 அன்று, அந்த ஆண்டுக்கான நிதி முழுவதும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்து, நிலைத்த வேளாண்மைக்கான முக்கியத் திட்டத்தில் புதிய விண்ணப்பங்கள் உடனடியாக நிறுத்தப்பட்டன. முன்பே ஒப்பந்தம் போட்டவர்களுக்குப் பணம் தொடர்ந்தது. விண்ணப்பிக்க ஆயத்தமாக இருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். அரசு வெளியிட்ட கடன்பத்திரத்துக்கு வட்டி தருவதை இப்படி ஒரே நாளில் நிறுத்துவதில்லை, ஏனென்றால் அது கடன் என்று அரசுக்குத் தெரியும். பறவையின் பங்கு அந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. ஏறும்வரை பிப்ரவரி மாதத்துத் தீனிக்கு ஊர் அறக்கட்டளைகளே பொறுப்பு. அந்த அறங்காவலர்கள் நிலக்காரரிடமும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் போகும்போது கையேந்திப் போகவேண்டியதில்லை. பாக்கியைக் கேட்க வந்தவர்களாகவே போகலாம்.